போனில் செருகும் யூ.எஸ்.பி. கருவி செய்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை பக்கம் எலக்ட்ரானிக்ஸில் கை வைக்கிற பிள்ளைகள் நிறைய. ஐ.டி.ஐ. முடித்தவர்கள், பாலிடெக்னிக்கில் படிப்பவர்கள், செல்போன் சர்வீஸ் கடையில் உட்கார்ந்திருப்பவர்கள் என்று எல்லோருக்கும் ஒரு கட்டத்தில், போனில் செருகினால் வேலை செய்கிற கருவி ஒன்றைத் தாங்களே செய்து பார்க்கும் ஆசை வந்துவிடுகிறது. அப்போது கேட்கிற கேள்விகளும் பெரும்பாலும் ஒன்றுதான். அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். உங்களுக்குச் சால்ட்ரிங் தெரியும், ஆர்டுயினோவில் ஒரு எல்.இ.டி.யாவது எரிய வைத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் எதை வாங்க வேண்டும்?

எதையும் வாங்க வேண்டாம். ஒரு தாளை எடுத்து மூன்று விஷயம் எழுதுங்கள். போனுக்கும் கருவிக்கும் நடுவில் யார் ஹோஸ்ட்? கரன்ட் யாரிடமிருந்து யாருக்குப் போகிறது? செருகியதும் உங்கள் கருவி தன்னை என்ன வகை என்று போனிடம் சொல்லப் போகிறது? இந்த மூன்றையும் முடிவு செய்யாமல் போர்டு அடித்துவிட்டு, அப்புறம் "போன் கண்டுபிடிக்கவே மாட்டேங்குது" என்று வருபவர்கள்தான் அதிகம். மூன்றிலும் கடைசிக் கேள்விக்குத்தான் நிறைய நேரம் கொடுக்க வேண்டும். போனுக்கு ஏற்கெனவே தெரிந்த வகைகள் சில இருக்கின்றன. அதில் ஒன்றுக்குள் உங்கள் கருவியை அடக்க முடிந்தால் ஆப் எழுதுவது, டிரைவர் தேடுவது, அனுமதி கேட்பது என்று பாதி வேலை காணாமல் போய்விடும்.

ஹோஸ்ட் என்றால் என்ன, அது ஏன் முக்கியம்?

யூ.எஸ்.பி.யில் இரண்டு முனையும் சமம் கிடையாது. ஒரு பக்கம் ஹோஸ்ட், அது கேட்கும். மறுபக்கம் டிவைஸ், கேட்டால்தான் பதில் சொல்லும், தானாக வாயைத் திறக்காது. கம்ப்யூட்டரில் செருகும்போது போன் டிவைஸ். அதே போனில் பென் டிரைவ் செருகினால் போன் ஹோஸ்ட் ஆகிவிடுகிறது. இப்படி இடம் மாறுவதற்காக வந்த ஏற்பாடுதான் ஓ.டி.ஜி.; அதன் முதல் விதிமுறை 2001இல் வந்தது. ஆண்ட்ராய்டில் ஆப்கள் ஹோஸ்ட் வசதியைப் பயன்படுத்த முடிந்தது 2011இல், 3.1 பதிப்பிலிருந்து.

பழைய மைக்ரோ யூ.எஸ்.பி. சாக்கெட்டில் ஐந்து பின். நான்காவது பின்னான ஐ.டி. பின் கிரவுண்டில் இணைந்திருந்தால் போன் ஹோஸ்ட், சும்மா விட்டிருந்தால் டிவைஸ். அவ்வளவுதான். டைப் சி-யில் அந்தப் பின் இல்லை. அங்கே முடிவு செய்வது ரெசிஸ்டர்.

டைப் சி சாக்கெட் வைத்தேன், ஓ.டி.ஜி. அடாப்டர் வழியாகச் செருகினால் வேலை செய்கிறது, சி-சி கேபிளில் செருகினால் அசையவே இல்லை. ஏன்?

இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள், அதனால் பொறுமையாகப் பார்ப்போம்.

டைப் சி சாக்கெட்டில் 24 பின். அதில் சி.சி. 1, சி.சி. 2 என்று இரண்டு இருக்கின்றன. கரன்ட் வாங்கும் பக்கம் இந்த ஒவ்வொன்றிலிருந்தும் கிரவுண்டுக்கு ஒரு 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட வேண்டும். கொடுக்கும் பக்கத்தில் அதே பின்கள் ரெசிஸ்டர் வழியாக மேலே இழுக்கப்பட்டிருக்கும். அதன் மதிப்பைப் பொறுத்து எவ்வளவு ஆம்பியர் கிடைக்கும் என்பது தெரியும். 5 வோல்ட்டுக்கு இழுத்தால் 56 கிலோ ஓம் என்பது சாதாரண யூ.எஸ்.பி. அளவு, 22 என்றால் 1.5 ஆம்ப், 10 என்றால் 3 ஆம்ப். மறுமுனையில் 5.1 கே தெரிகிற வரைக்கும் போன் 5 வோல்ட்டைத் திறந்தே விடாது. உங்கள் போர்டில் அந்த ரெசிஸ்டர் இல்லையென்றால் போனைப் பொறுத்தவரை அங்கே எதுவும் செருகப்படவில்லை.

அப்படியானால் ஓ.டி.ஜி. அடாப்டரில் மட்டும் ஏன் வேலை செய்தது? அடாப்டரின் சி ப்ளக்குக்குள்ளேயே அந்த 5.1 கே இருக்கிறது. போன் பார்த்தது அடாப்டரை, உங்கள் போர்டை அல்ல. அதனால் எப்போதும் சி-சி கேபிளில் சோதியுங்கள், ப்ளக்கைத் திருப்பிப் போட்டும் ஒருமுறை சோதியுங்கள். சி-சி கேபிளில் ஒரே ஒரு சி.சி. வயர்தான் ஓடுகிறது. ஒரு பக்கம் செருகினால் வேலை, திருப்பினால் வேலை இல்லை என்றால் இரண்டில் ஒரு ரெசிஸ்டரில் கோளாறு, அல்லது டேட்டா பின்கள் இரண்டு வரிசையிலும் சேர்த்து இணைக்கப்படவில்லை.

காசு மிச்சம் பிடிக்க இரண்டு பின்னையும் சேர்த்து ஒரே ரெசிஸ்டர் போடலாமா என்றால், வேண்டவே வேண்டாம். 2019இல் வந்த ராஸ்பெர்ரி பை 4 போர்டின் முதல் பதிப்பில் இதே தவறு இருந்தது. சாதாரணக் கேபிளில் ஓடியது. சிப் வைத்த விலை உயர்ந்த கேபிளில் போட்டால் சார்ஜர் அதை ஹெட்செட் அடாப்டர் என்று நினைத்துக்கொண்டு கரன்ட் கொடுக்க மறுத்தது. அடுத்த பதிப்பில் சரி செய்தார்கள். அத்தனை பெரிய இடத்திலேயே நடந்தது என்பதால் நீங்கள் தனித்தனியாக இரண்டு ரெசிஸ்டர் போடுவதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

சாக்கெட் இல்லாமல் கருவியிலிருந்தே நேராக சி ப்ளக் நீட்டிக்கொண்டிருந்தால் மட்டும் ஒரு சி.சி. பின்னில் ஒரு 5.1 கே போதும்.

எந்த வகையாக என் கருவியை அடையாளம் காட்டுவது?

விதிமுறையில் இதற்குக் கிளாஸ் என்று பெயர். கீபோர்டு, மவுஸ், கேம்பேட் எல்லாம் எச்.ஐ.டி. கிளாஸ். பென் டிரைவ் ஒரு கிளாஸ், மைக்கும் ஸ்பீக்கரும் ஆடியோ கிளாஸ், இசைக் கருவிகளுக்கு மிடி, நெட்வொர்க் கேபிள் அடாப்டருக்கு ஈதர்நெட் கிளாஸ். இவை எல்லாவற்றையும் இன்றைய போன்கள் பெரும்பாலும் தாமாகவே புரிந்துகொள்ளும்.

சௌகார்பேட்டை மொத்தக் கடையில் பார்கோடு ஸ்கேனர் போனில் வேலை செய்வதைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஸ்கேனர் தன்னைக் கீபோர்டு என்று சொல்லிக்கொள்கிறது. எண்ணைப் படித்ததும் யாரோ வேகமாக டைப் அடிப்பதுபோல எழுத்துகளை அனுப்பி, கடைசியில் என்டர் தட்டுகிறது. அதனால் தனி ஆப் தேவையில்லை, எந்தக் கட்டத்தில் கர்சர் இருக்கிறதோ அங்கே விழும். கருவியிலிருந்து போனுக்கு எப்போதாவது ஒரு எண் போனால் போதும் என்கிற வேலைக்கு இதைவிட எளிய வழி கிடையாது. ஒரு தொல்லை உண்டு; கீபோர்டு செருகியிருப்பதாக நினைத்து ஆண்ட்ராய்டு திரையில் இருக்கும் கீபோர்டை மறைத்துவிடும். செட்டிங்ஸில் அதைத் திரும்ப வரவழைக்கலாம், ஆனால் கடைக்காரருக்கு அதை நீங்கள்தான் காட்டிக் கொடுக்க வேண்டும்.

கானா கச்சேரிக்குத் தட்டுகிற பேட் செய்ய ஆசைப்படுபவர்களுக்கு மிடிதான் வழி. ஆண்ட்ராய்டில் 6.0 பதிப்பிலிருந்து ஆப்களுக்கு மிடி வசதி இருக்கிறது, ஐபோனிலும் தானாக ஓடும். பியெசோ தகடு (தட்டினால் வோல்டேஜ் தருவது) நான்கைந்து, ஒரு மைக்ரோ கன்ட்ரோலர், கொஞ்சம் ரப்பர் இருந்தால் போதும், போனில் ஏற்கெனவே இருக்கிற இசை ஆப் சத்தத்தைப் பார்த்துக்கொள்ளும். பியெசோவை ஓங்கித் தட்டினால் வோல்டேஜ் எகிறும் என்பதால் மைக்ரோ கன்ட்ரோலரின் பின்னுக்கு முன்னால் ரெசிஸ்டரும் செனர் டையோடும் அவசியம்.

இந்த வகைகள் எதற்குள்ளும் அடங்காத வேலை என்றால்தான் சீரியல் (வயரில் பிட் பிட்டாக வரிசையாகத் தகவல் அனுப்பும் முறை) பக்கமோ சொந்த வகையின் பக்கமோ போக வேண்டும்.

காசிமேட்டில் மீன் எடை போடும் தராசை போனில் இணைக்க வேண்டும். எப்படி?

நல்ல வேலை இது, ஆளும் தேவைப்படுகிற வேலை. எலக்ட்ரானிக் தராசுகள் பலவற்றின் பின்னால் ஒன்பது பின் ஆர்.எஸ். 232 சாக்கெட் (பழைய சீரியல் இணைப்பு) இருக்கும். அதை நேராக மைக்ரோ கன்ட்ரோலரில் கொடுத்துவிடாதீர்கள், அந்த வயரில் மைனஸ் 15 முதல் பிளஸ் 15 வோல்ட் வரை வரலாம், சிப் போய்விடும். மேக்ஸ் 3232 போன்ற மாற்றும் சிப் நடுவில் வேண்டும். அதைவிட எளிது, ரெடிமேடாகக் கிடைக்கும் யூ.எஸ்.பி. - ஆர்.எஸ். 232 கேபிளை ஓ.டி.ஜி. அடாப்டரோடு போனில் செருகுவது. தராசின் செட்டிங்கில் வேகம் 9600ஆ 2400ஆ என்று பார்த்து அதையே ஆப்பிலும் வையுங்கள்.

இந்தக் கேபிள்களுக்கு ஆண்ட்ராய்டில் ஆப் பயன்படுத்தும்படியான டிரைவர் தயாராக இருக்காது. "யூ.எஸ்.பி. சீரியல் ஃபார் ஆண்ட்ராய்டு" என்ற இலவச லைப்ரரி இருக்கிறது, இப்படிப்பட்ட கேபிள்களுக்குள் இருக்கும் எஃப்.டி.டி.ஐ., சி.எச். 340, சி.பி. 2102, பி.எல். 2303 சிப்கள், சீரியலுக்கான சி.டி.சி. கிளாஸ் எல்லாவற்றையும் அது கவனித்துக்கொள்ளும். உதாரணமாக, எஃப்.டி.டி.ஐ. சிப் ஒவ்வொரு பாக்கெட்டின் தலையிலும் 2 பைட் நிலைத் தகவலைச் சேர்த்து அனுப்பும். நீங்களே எழுதினால் எடையோடு குப்பை எழுத்தும் கலந்து வரும், லைப்ரரி அதை நீக்கிக் கொடுத்துவிடும். ஆனால் எடை முழு வரியாக ஒரே தடவையில் வரும் என்று நம்பாதீர்கள். "12." என்று ஒரு துண்டு, "450" என்று அடுத்த துண்டு வரலாம். வரி முடியும் குறி வரும்வரை சேர்த்து வைத்துக்கொண்டு, அப்புறம்தான் எண்ணாக மாற்ற வேண்டும். 12.450 கிலோ வஞ்சிரத்தை 12 கிலோ என்று எழுதினால் ஏலத்தில் ஒருவருடைய கூலியே போய்விடும்.

இன்னொன்று. வியாபாரத்துக்குப் பயன்படும் தராசு 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டத்தின்படி சோதித்து முத்திரை வைத்தது. வெளியே இருக்கும் சாக்கெட்டில் மட்டும் இணையுங்கள். முத்திரையை உடைத்து உள்ளே வயர் சால்டர் செய்யும் யோசனையே வேண்டாம்.

கரன்ட் எவ்வளவு எடுக்கலாம்?

யூ.எஸ்.பி. 2.0 கணக்கில், கருவி தன்னை அறிமுகம் செய்துகொள்ளும் வரை 100 மில்லி ஆம்ப், போன் சம்மதித்த பிறகு 500 வரை. ஆனால் கொடுப்பது போனின் பேட்டரி. நாள் முழுக்க வெளியே வேலை செய்பவரின் போனை மதியத்துக்குள் காலி செய்கிற கருவியை யாரும் இரண்டாவது நாள் செருக மாட்டார்கள். நான் சொல்வது, 100 மில்லி ஆம்புக்குள் முடித்துவிடுங்கள் என்பதுதான். ஐபோன் 15 வெளிக் கருவிக்கு 4.5 வாட் வரை தரும். ஆண்ட்ராய்டில் போனுக்குப் போன் மாறும். மோட்டார், ஹீட்டர், பிரின்டர் என்றால் தனி பேட்டரி வைத்துவிடுங்கள்.

5 வோல்ட் லைனில் போடும் கெப்பாசிட்டர் மொத்தம் 10 மைக்ரோ ஃபாரடுக்குள் இருக்க வேண்டும். "பெரிதாகப் போட்டால் நிலையாக இருக்குமே" என்று 470 போடுகிறார்கள். செருகிய நொடியில் அது குடிக்கும் கரன்ட்டைப் பார்த்து போன், ஷார்ட் என்று நினைத்து லைனைத் துண்டித்துவிடும்.

சில பிராண்டு போன்களில் ஓ.டி.ஜி. சுவிட்ச் செட்டிங்ஸில் தனியாக இருக்கும், பத்து நிமிடம் சும்மா இருந்தால் தானாக அணைந்தும்விடும். கருவியில் கோளாறு தேடுவதற்கு முன் அதைப் பாருங்கள்.

கருவியும் ஓட வேண்டும், போனும் சார்ஜ் ஏற வேண்டும். முடியுமா?

முடியும், ஆனால் இரண்டு ரெசிஸ்டரில் முடியாது. டேட்டாவுக்கு போன் ஹோஸ்டாக இருந்துகொண்டே கரன்ட்டை மட்டும் வாங்க வேண்டும் என்றால், யூ.எஸ்.பி. பவர் டெலிவரி மூலம் இரண்டு பக்கமும் பேசி கரன்ட் திசையை மாற்றிக்கொள்ள வேண்டும், அதற்கு உங்கள் கருவியில் தனி சிப் வேண்டும். முதல் கருவிக்கு இதை எடுக்க வேண்டாம். சார்ஜ் ஏறும் துளையோடு விற்கும் சி ஹப் ஒன்றை வாங்கி நடுவில் வைத்து வேலையை முடியுங்கள்.

ஆப் அனுமதி கேட்டுக்கொண்டே இருக்கிறது, அல்லது அனுமதி கொடுத்தும் இல்லை என்கிறது.

இரண்டும் வேறு வேறு. ஒவ்வொரு தடவையும் கேட்பதைத் தவிர்க்க, ஆப்பின் மேனிஃபெஸ்டில் (ஆப் தன்னைப் பற்றி போனுக்குச் சொல்லும் ஃபைல்) கருவி செருகப்பட்ட செய்தியைப் பிடிக்கும் ஃபில்டரும், அதோடு கருவியின் வென்டார் எண் (தயாரிப்பாளரைக் காட்டுவது), புராடக்ட் எண் (மாடலைக் காட்டுவது) எழுதிய ஃபைலும் வையுங்கள். அங்கே எண்களைத் தசம முறையில் எழுதுவது வழக்கம், வென்டார் எண் சி.எச். 340க்கு 6790, எஃப்.டி.டி.ஐ.க்கு 1027, சி.பி. 2102க்கு 4292. இப்படிச் செய்தால் கருவி செருகியதும் உங்கள் ஆப்பைத் திறக்கட்டுமா என்று போனே கேட்கும், "எப்போதும்" என்று டிக் அடித்தால் அத்தோடு முடிந்தது.

அனுமதி கொடுத்தும் "இல்லை" என்று வருவது ஆண்ட்ராய்டு 12லிருந்து வந்த மாற்றம். அனுமதி கேட்க நீங்கள் அனுப்பும் பென்டிங் இன்டென்ட்டை (போன் பிறகு பதில் சேர்த்துத் திருப்பி அனுப்பும் செய்தி) மாற்றத்தக்கதாக அறிவிக்க வேண்டும், இல்லையென்றால் போன் தன் பதிலை அதற்குள் எழுத முடியாது. ஆண்ட்ராய்டு 14இல் இன்னும் ஒரு படி, அந்த இன்டென்ட்டில் உங்கள் ஆப்பின் பேக்கேஜ் பெயரையும் குறிப்பிட்டாக வேண்டும். பழைய வழிகாட்டிகளைப் பார்த்து எழுதுபவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

போன் ஹோஸ்டாக இல்லாமல் கருவியே ஹோஸ்டாக இருக்க முடியுமா?

முடியும். கூகுள் 2011இல் ஆண்ட்ராய்டு ஓப்பன் ஆக்சசரி என்று ஒரு முறையைக் கொண்டுவந்தது, 3.1லும் பழைய 2.3.4லும் சேர்த்தார்கள். கருவி ஹோஸ்டாக இருந்து போனுக்கு கரன்ட்டும் கொடுக்கும், போன் டிவைஸாக இருக்கும். கருவி முதலில் போனிடம் 51ஆம் எண் கோரிக்கை அனுப்பி "இந்த முறை உனக்குத் தெரியுமா" என்று கேட்கும். அப்புறம் 52இல் தயாரிப்பாளர் பெயர், மாடல் பெயர் முதலியவற்றை அனுப்பும், 53இல் தொடங்கு என்று சொல்லும். உடனே போன் தன்னைக் கழற்றி மாட்டியதுபோல 6353 என்ற வென்டார் எண்ணோடு புதிதாக வந்து நிற்கும். கேபிளில் ஓடும் ஆண்ட்ராய்டு ஆட்டோவின் அடியில் இருப்பதும் இதே முறைதான். வண்டியில் நிரந்தரமாக இருக்கும் கருவி, கடையில் சார்ஜிங் ஸ்டாண்டாகவும் இருக்க வேண்டிய கருவி என்றால் இது நல்ல வழி. கையில் எடுத்துப் போகிற சின்னக் கருவிக்குத் தேவையில்லை.

ஐபோனுக்கும் வேலை செய்ய வேண்டும் என்கிறார் வாடிக்கையாளர்.

2023 செப்டம்பரில் வந்த ஐபோன் 15லிருந்து டைப் சி வந்துவிட்டதால் கேபிள் பிரச்சினை தீர்ந்தது, சீரியல் பிரச்சினை தீரவில்லை. ஐபோனில் ஒரு சாதாரண ஆப், சி.எச். 340 கேபிளைத் திறந்து படிக்க வழி கிடையாது. சொந்த முறையில் பேச வேண்டுமானால் வெளிக் கருவி செய்பவர்களுக்கான ஆப்பிளின் எம்.எஃப்.ஐ. உரிமத் திட்டத்தில் சேர வேண்டும், தனி ஆளுக்கு அது பெரிய சுமை. ஆனால் கீபோர்டு, ஆடியோ, மிடி, பென் டிரைவ், ஈதர்நெட் வகைகள் எம்.எஃப்.ஐ. இல்லாமலே ஓடும். முதல் பதிலில் கிளாஸை முதலில் முடிவு செய்யச் சொன்னது இதற்காகவும்தான். தராசு எடையைக் கீபோர்டாக அனுப்பினால் இரண்டு போனிலும் ஓடும். அல்லது கருவியை ஈதர்நெட் அடாப்டராகக் காட்டி, அதற்குள்ளேயே சின்ன வெப் பக்கம் ஒன்றை வைத்தால் போனின் பிரவுசரிலேயே அளவுகள் தெரியும், ஆப்பே வேண்டாம்.

எந்த மைக்ரோ கன்ட்ரோலர்? எங்கே வாங்குவது?

சிப்புக்குள்ளேயே யூ.எஸ்.பி. இருக்க வேண்டும். ராஸ்பெர்ரி பை பைக்கோவில் இருக்கும் ஆர்.பி. 2040, ஆர்டுயினோ லியோனார்டோவின் அட்மெகா 32யூ4, ஈ.எஸ்.பி. 32-எஸ் 3 மூன்றும் நல்லவை. ஆர்டுயினோ ஊனோ ஆர் 3-இல் யூ.எஸ்.பி. வேலையை வேறொரு சிப் செய்கிறது, அதனால் அதைக் கீபோர்டாக்க நினைத்து நேரத்தை விடாதீர்கள். நான் பைக்கோவைத்தான் பரிந்துரைப்பேன், மைக்ரோ கன்ட்ரோலரை யூ.எஸ்.பி. கருவியாக்கும் டைனி யூ.எஸ்.பி. லைப்ரரியின் உதாரணங்களிலிருந்து தொடங்குங்கள்.

வாங்குவதற்கு ரிச்சி ஸ்ட்ரீட்தான். வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கி நடந்துவிடலாம். கேபிள், அடாப்டர் மட்டும் என்றால் பீச் ஸ்டேஷன் எதிரே பர்மா பஜாரிலேயே முடித்துக்கொள்ளலாம், ஆனால் சார்ஜ் மட்டும் ஏறும் கேபிளும் அதே கூடையில்தான் கிடக்கும். டேட்டா போகிறதா என்று கடையிலேயே உங்கள் போனில் ஒரு பென் டிரைவைச் செருகிப் பார்த்து வாங்குங்கள்.

எனக்கென்று வென்டார் எண் வாங்க வேண்டுமா?

யூ.எஸ்.பி. அமைப்பிடம் நேராக வாங்கினால் ஆயிரக்கணக்கான டாலர். வடிவமைப்பைத் திறந்த மூலமாக வெளியிடத் தயார் என்றால் 4617 என்ற வென்டார் எண்ணின் கீழ் இலவசமாக ஒரு புராடக்ட் எண் வாங்கலாம். மூடிய வடிவமைப்பு என்றால் சிப் தயாரிப்பாளரிடமே கேளுங்கள், பலர் தங்கள் எண்ணின் கீழ் ஒன்றைத் தருவார்கள். வேறொருவருடைய எண்ணை எடுத்துப் போட்டு விற்காதீர்கள், இன்னொரு கருவியின் டிரைவர் உங்கள் கருவியைப் பிடித்துக்கொள்ளும்.

கடற்கரைப் பக்கம் வைத்தால் சாக்கெட் சீக்கிரம் போய்விடுகிறதே?

ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் முழுக்க உப்புக் காற்று. உப்பு ஈரம் படிந்த பின்னில் 5 வோல்ட் நின்றுகொண்டே இருந்தால் முலாம் அரித்துப் பச்சை பிடிக்கும். டைப் சி இதில் பரவாயில்லை, மறுமுனை தெரியாதவரை போன் 5 வோல்ட்டைக் கொடுக்காது. ஆனால் உங்கள் கருவியில் சொந்த பேட்டரி இருந்தால் அதன் வோல்டேஜ் சாக்கெட் பக்கம் பின்னோக்கி வராமல் தடுக்க வேண்டியது நீங்கள். சால்டர் செய்தபின் ஃபிளக்ஸைத் தின்னர் வைத்து இல்லாமல் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வைத்துச் சுத்தம் செய்யுங்கள், காய்ந்ததும் போர்டுக்குப் பூச்சு கொடுங்கள், சாக்கெட்டின் உள்ளே மட்டும் பூச்சு போகாமல் டேப் ஒட்டுங்கள். சாக்கெட்டுக்கு ரப்பர் மூடி. டேட்டா வயர்களுக்கு யூ.எஸ்.பி.எல்.சி. 6 மாதிரி ஒரு பாதுகாப்பு டையோடு, சாக்கெட்டுக்கு ஒட்டியே.

போனில் நேராக நீட்டிக்கொண்டு நிற்கும் கட்டையான டாங்கிள் வேண்டாம், ஒரு சாண் கேபிள் விடுங்கள். டைப் சி 10,000 தடவை செருகத் தாங்கும் என்று விதிமுறை சொல்வது நேராகச் செருகி எடுப்பதற்கு. பையில் இடித்து நெம்பினால் உடைவது வாடிக்கையாளருடைய போனின் போர்ட்.

போர்ட்டில் கருவி செருகியிருக்கும்போது ஆப்பை எப்படிச் சோதிப்பது?

ஆண்ட்ராய்டு 11லிருந்து வைஃபை வழியாகவே டீபக் செய்யலாம் (கம்ப்யூட்டரிலிருந்து ஆப்பின் பிழை தேடுவது), டெவலப்பர் ஆப்ஷனில் வயர்லெஸ் டீபக்கிங்கைத் திறந்துவிடுங்கள். அதற்கு முன்னால், கருவியை லினக்ஸ் கம்ப்யூட்டரில் செருகி அது தன்னைச் சரியாக அறிமுகம் செய்துகொள்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள். அங்கேயே தவறினால் போனில் தேடிப் பயனில்லை.

ப்ளூடூத் போதாதா?

சில வேலைக்குப் போதும். ஆனால் அதற்குத் தனி பேட்டரி, தினம் சார்ஜ், இணைப்புக் குழப்பம் எல்லாம் உண்டு, விற்கும்போது ரேடியோ அனுமதியும் கேட்கும். கருவி எப்போதும் போன் பக்கத்திலேயே இருக்கும் என்றால் வயர்தான் நிம்மதி.

செய்ததை விற்கலாமா?

முதலில் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் கட்டாயப் பதிவுப் பட்டியலைப் பாருங்கள். 2012இல் தொடங்கிய அந்த ஆணையில் பவர் அடாப்டர், பவர் பேங்க் போன்றவை இருக்கின்றன, யூ.எஸ்.பி.யில் ஓடும் பார்கோடு ஸ்கேனர், கைரேகை ஸ்கேனர்களும் பின்னர் சேர்ந்தன. அந்தப் பட்டியலில் இருப்பதைப் பதிவு இல்லாமல் விற்கக் கூடாது. யூ.எஸ்.பி. சின்னத்தைப் பெட்டியில் அச்சிடவும் தனி உரிமம் வேண்டும். பெட்டியில் "டைப் சி போனுக்கு" என்று எழுதி, எந்தெந்த போனில் நீங்களே சோதித்தீர்கள் என்ற பட்டியலையும் உள்ளே வையுங்கள்.